தண்ணிப் பில்

ஐந்தாம் மாடி, வெள்ளவத்தை.
லிஃப்ட் போன வெசாக்கிலிருந்து வேலை செய்யவில்லை.
இரண்டு அறை, நாலு பேர், ஆறு திரை,
பழுதான டெப்லெட்டையும் சேர்த்தால் ஏழு.
உள்ளுக்குள் பூட்டக்கூடிய கதவு ஒன்றே ஒன்று,
அது குளியலறைக்கு.

ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்றார் புரோக்கர்.
தெரியும்தான்:
எதிர்க் கட்டடத்துக்கும் அதன் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்
ஒரு பாவாடை நாடா அகலத்துக்கு.

பகல் இரண்டிலிருந்து இரவு பதினொன்றுவரை
நான் லீட்ஸில் இருக்கிறேன், குசினி மேசையில்.
யாரோ ஒரு பிளம்பரின் வரவு செலவைச் சரிபார்க்கிறேன்.
பின்னணியை மங்கலாக்கும் பொத்தானைத்தான் முதலில் அழுத்துவேன்.
அரிசிப் பானை போகும், காலண்டர் போகும்,
கொடியில் காயும் அப்பாவின் சாரம் போகும்.
தேத்தண்ணி வைக்க அம்மா குனிந்தால்
மணிக்கட்டுவரைக்கும்தான் மென்பொருள் அவளை நம்பும்;
மிச்சம் புகை.
"உங்கள் வீடு எவ்வளவு அமைதி" என்கிறார் ஹெலன்.
மைக்கை நிறுத்தி வைத்துத் தலையாட்டுகிறேன்.

ஸ்காபரோவில் மாதுமை வாங்கிய வீட்டை
அம்மா விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.
படியில் ஒரு கீறல்கூட இல்லை.
"சந்தோசம் பிள்ளை" என்று எழுதி, மூன்று பூ அனுப்பி,
போனை அரிசி வாளிமேல் கவிழ்த்து வைக்கிறாள்.
பிறகு குளிக்கப் போகிறாள்.
காலையில் குளித்தவள்.

அப்பா ஒரே செய்தியை ஒன்பது வாயால் கேட்கிறார்.
கடை பூட்டியதிலிருந்து இப்படித்தான்.
சத்தத்தைக் குறைக்கச் சொன்னால்
குறைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் கூட்டுகிறார்.

தம்பி லக்சிகன் ஹெட்செட்டுக்குள்
மணிலாவில் யாரோ ஒருவனோடு வாய் ஓயாமல் ஏசுகிறான்.
எங்களுக்கென்று அவனிடம் உள்ள தமிழ்:
ம். பிறகு. சாப்பிட்டிட்டன்.
சாப்பிடவில்லை. பானை எனக்குத் தெரியும்.

மாசியில் பில் வந்தது. இரண்டு மடங்கு.
அப்பா கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், போட்டார்.
"பைப் எங்கையோ ஒழுகுது."
சுனில் வந்து எல்லா மூட்டையும் தட்டிப் பார்த்தார்.
எங்கேயும் ஒழுக்கில்லை என்று சிங்களத்தில் சொல்லி
ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

நாங்கள் நால்வரும் குளியலறைக் கதவைப் பார்த்தோம்.
ஒருவரையொருவர் அல்ல.

என் கணக்கு எனக்குத் தெரியும்.
செவ்வாய் பதினைந்து நிமிசம்.
வெள்ளி, ஒரு காரணமும் இல்லாமல், இருபது.
பைப்பை முழுதாகத் திறந்து, அடியில் வாளி வைக்காமல்
(வாளி நிறைய நிறையச் சத்தம் மாறும், கண்டுபிடித்துவிடுவார்கள்).
பழக்கதோசம்: மொத்தத்திலிருந்து என்னுடையதைக் கழித்தேன்.
மீதி பெரிய தொகை.

நேற்று, இரவு ஒன்றரை. கடைசி ரயில் போய் நெடுநேரம்.
தண்ணீர் ஓடுகிற சத்தம். பாயில் லக்சிகன் இல்லை.
கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன்.
தட்டினால் "குளிக்கிறன்" என்பான்.
மூன்றடி தூரத்திலிருந்து போனில் எழுதினேன்:
"நானும் இதுக்குள்ளதான் அழுறனான்."
சாம்பலில் ஒரு குறி. இரண்டு. நீலம்.
எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது.
காட்டியது. நின்றது.

பைப் நின்றது.

முன்னறையில் ஏதோ ஒரு போரை
விளக்கிக்கொண்டிருந்த குரலும் நின்றது.
அப்பா இருமவில்லை. எழும்பவும் இல்லை.

கதவு திறக்கவில்லை.
அடியில் கசிந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல்
கிட்ட வந்து, மடிந்து, பெரிதாகிக் குந்தியது.
விரல் தடிப்புகூட இல்லாத பிளாஸ்டிக் கதவு;
அந்தப் பக்கம் அவன் முதுகு சாய்ந்தது என் முதுகுக்குத் தெரிந்தது.

"அக்கா, பில் எவ்வளவு?"
சொன்னேன்.
"என்ர பங்குதான் கூட."
"நான் கணக்குப் பாக்கேல்லை" என்றேன்.

லீட்ஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.