தந்தை பெயர்

மன்னார்குடி கிளைச் சிறை,
ஒரு கால் ஆடும் மேசை.
நான்கு பக்கப் படிவத்தை நிரப்புகிறேன்.
பெயர்: மாசிலாமணி. வயது நாற்பத்தாறு.
களவுபோன பொருள்: ஷட்டர் திருகும் இரும்புக் கைப்பிடி.
பிடிபடுவது நான்காவது முறை.
'குற்றத்துக்கான உளக் காரணம்' என்பதற்குக் கீழே
இரண்டு கோடு இடம் விட்டிருக்கிறார்கள்.

பழைய இரும்புக் கடையெல்லாம் தேடி அலுத்த போலீஸ்
கடைசியில் அவன் வீட்டுக்கே போனது.
பரணில் கோணி விரித்து
பதினொரு கைப்பிடிகள், வரிசையாக,
தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து.
ஒன்றைக்கூட விற்கவில்லை.
கோரையாற்றுக் கிளை வாய்க்கால்களில்
பதினொரு மதகு மூடினது மூடினபடி.
எடுத்த மறுநாள் காலையில்
ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில்
கிரீஸ் கழுவாத கையோடு உட்கார்ந்திருப்பானாம்,
இரண்டாவது டீயும் குடித்துவிட்டு.

"குடிம்மா, வேறென்ன" என்கிறார் எஸ்.ஐ.
"உள்ளே மூணு வேளை சோறு" என்கிறார் வார்டர்.
வக்கீல், வறுமை என்று ஏற்கெனவே டைப் அடித்துவிட்டார்.
நான் படித்த படிப்போ
கைப்பிடி என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணடிக்கிறது.
அதட்டி உட்கார வைத்தேன்.

மூன்றாம் சந்திப்பில்தான் வாய் திறந்தான்,
அதுவும் மீனைப் பற்றி.
அன்றைக்குக் கெளுத்திக் குழம்பு.
அப்பா லஸ்கர். முறைத் தண்ணீர் விட்ட வருஷம்.
ராத்திரி இரண்டு மணிக்கு
டார்ச் பிடித்தது இவன்தான், ஒன்பது வயதில்.
யாருக்கோ முறை மாற்றி அப்பா திருகினார்.
பதினாறு சுற்று. எண்ணியிருக்கிறான்.
விடிந்ததும் தண்ணீர் களவு என்று ஊர் திரண்டது.
அம்மாசியைத் தென்னையில் கட்டினார்கள்.
முதல் அடி அப்பாதான்.
கையில் அதே கைப்பிடி.

"ஆறு மாசம் அவரு வலது கையைத் தூக்கலைங்க.
எங்கப்பா அன்னிக்கி
நடுத்துண்டா பாத்து எனக்கு வச்சாரு.
முள்ளே இல்லைங்க அதுல."
முள்ளே இல்லை.
இதை மட்டும் மூன்று தடவை சொன்னான்.

குற்றம் செய்தவனை உறுத்தும் என்பது ஊர்ப்பேச்சு.
இவனுக்கு உறுத்தல் முந்தி வந்துவிட்டது.
முப்பத்தேழு வருஷம்
வழக்கு எண் இல்லாமல் உள்ளே கிடந்தது.
அதற்குத் தோதாக ஒரு குற்றம்
பிறகுதான் தேட வேண்டியிருந்தது.
மேலே உடைப்பெடுத்த தண்ணீருக்குக்
கடைமடையில் கணக்குக் கேட்பது போல
என்று எழுதி,
அழகாக இருந்ததால் அடித்தேன்.

அப்பா, அப்பா என்று நான் நச்சரித்ததில்
கேட்டதைக் கொடுத்துவிட்டானோ?
ஊருக்குப் போய் விசாரித்தேன்.
அம்மாசி இருந்திருக்கிறார். செத்துப் பத்து வருஷம்.
"கையா? எங்கப்பாருக்குக் கை நல்லாத்தானே இருந்துச்சு"
என்றான் மகன், நாற்றுக் கட்டை இறக்காமலே.

எழுந்து போகும்போது மாசிலாமணி திரும்பினான்.
"இந்தத் தடவ ஆறு மாசம் போடச்சொல்லி
எழுதுங்கம்மா.
நாலு நாலாத்தான் குடுக்குறாங்க."

ஐந்தரை பஸ்ஸுக்கு முன்
படிவத்தைச் சரிபார்த்தேன்.
'தந்தை பெயர்' கட்டத்தில்
என் கையெழுத்தில், சுழி பிசகாமல்,
நாகசுந்தரம் என்று இருந்தது.
அவனுடைய அப்பா தங்கராசு.
நாகசுந்தரம் என்னுடைய அப்பா.
கும்பகோணத்தில் பாத்திரக் கடைக் கணக்கர்.
ஒருத்தர் மேலும் கை நீட்டாதவர்.
எங்கள் வீட்டில் காணாமல்போன வெள்ளித் தம்ளரைப் பற்றியோ
அதோடு வேலையைவிட்டு நின்ற பவுனம்மாளைப் பற்றியோ
படிவத்தில் கேள்வி எதுவும் இல்லை.

ஒயிட்னர் இருக்கிறதா என்று வார்டரிடம் கேட்டேன்.
இருக்கு, ஆனா காஞ்சுபோச்சு என்றார்.