ஒரு சாண்

கலவரம் அடங்கிய நாலாம் நாள்
முக்கூடல் விலக்கில் நிற்கும்
நாட்டைப் பெற்றவருக்குக்
கூண்டு அடிக்க ஆர்டர் வந்தது.
அரை இஞ்சுக் கம்பி, ஏழடி உயரம்.

நடக்கிற வாக்கில் வார்த்திருந்தார்கள்.
முன்னால் நீட்டிய கைத்தடி மட்டும்
அளவுக்குள் அடங்கவில்லை.
"அறுத்துரு சொரிமுத்து" என்றார் ஓவர்சியர்.
என்னென்னவோ அறுத்த கைதான்,
அன்றைக்கு மிஷினைத் தூக்க வரவில்லை.
கம்பியைத்தான் வளைத்தேன்.

பீடிக்கடைக்கு வரும் பேச்சித்தாய்
வெளியே நீண்ட அந்த ஒரு சாணில்
பையை மாட்டிவிட்டுத்தான்
கட்டுக் கணக்குப் பார்க்கிறாள்.
உரசி உரசி
அந்த இடம் மட்டும் மினுங்குகிறது.

பிறந்தநாள் மாலைக்கு
போலீஸ் ஸ்டேஷனில் சாவி கேட்கவேண்டும்.
போட்ட மாலை
அடுத்த வருஷம்வரை உள்ளேயே கிடக்கும்.

என் பில்
இன்னும் பாஸாகவில்லை.
சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்:
கூண்டில் ஓட்டை.