கிராம் கணக்கு

சர்க்கரை இருநூற்று எண்பது.
நடங்க சார், என்றார் சீர்காழி டாக்டர்.
நடக்கிறேன், பழையாற்றில்,
வெயில் எழும்பும் முன்னே.

ஐஸ் ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது.
பனிக்கட்டி சறுக்கி இறங்கும் பலகையில்
குளிர்ச்சி மிச்சமிருக்குமென்று நம்பி
வயிறு ஒட்டப் படுத்திருக்கிறது ஒரு நாய்.
தடைக்காலம். இன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி
கட்டிய இடத்திலேயே ஆடுகின்றன.
மேட்டூர் திறக்கவில்லை.
கொள்ளிடத்தில் ஆறு இல்லை;
கடல்தான் உள்ளே வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

வலைக்கூடத்தில் கிழிசல் கோக்கும் கலியபெருமாள்
ஊசியோடு கை தூக்குகிறார்.
நானும் தூக்குகிறேன்.
இரண்டு மோதிரம். ஒன்பது கிராம் நானூறு மில்லி.

ஒரு ஊரை இப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது.
முகம் பார்த்ததும் எடை வருகிறது.
குழாயடியில் குனிந்து நிமிரும் கழுத்துகளில்
மஞ்சள் கயிறு மட்டும்.
கோத்திருந்த குண்டும் காசும்
என் பெட்டகத்தில், துணிப்பையில்,
நம்பர் போட்டுத் தூங்குகின்றன.
போன மாதம் ஒரு சங்கிலியில்
மீன்செதில் ஒன்று ஒட்டியிருந்தது.
தட்டிவிட்டுத்தான் தராசில் வைத்தேன்.
எடையில் செதில் சேராது. விதி அப்படி.

படகின் பதிவெண்ணுக்கு மறுபடி
வெள்ளை பூசுகிறான் சித்திரவேல்.
"நிவாரணப் பணம் ஏறிடுச்சா சார்?"
அது வேற பேங்க், என்கிறேன்.
எவ்வளவு லேசாக வருகிறது வாயில்.

"நகை சார் போறாரு!"
பல் துலக்கும் பையன் நுரையோடு கத்த
உள்ளேயிருந்து யாரோ அதட்டுகிறார்கள்.

கோயில் தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
ஜெட்டிக்கு நேர்வழி. ஆறே நிமிடம்.
நான் திரும்புவதில்லை.
கருவாட்டுக் களத்தைச் சுற்றி
சவுக்குத் தோப்பு வழியாக
மணலில் கால் புதையப் போகிறேன்.
அந்தச் சந்தில் அஞ்சலாட்சி வீடு.
மூன்றாம் நோட்டீஸ்; கையெழுத்து என்னுடையது.
ஏலம் வருகிற வியாழன்.
டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம்:
"பரவாயில்லையே, தினம் அஞ்சு கிலோமீட்டரா!"

இன்று தோப்பு முனையில் அவளே வந்தாள்,
தலையில் சவுக்கு மிளார்க் கட்டு.
ஒற்றையடிப் பாதை. ஒதுங்க இடமில்லை.
சுமையை இறக்காமலே கேட்டாள்:
"எதுக்கு சார் இந்தச் சுத்து?
எங்க தெரு வழியா போனா கிட்டத்தானே."

படகுத் துறையில் யாரோ
எஞ்சினைச் சும்மா போட்டுப் பார்த்தார்கள்.
இருமியது. நின்றது.
மறுபடி போட்டார்கள்.