மட்டம் பார்த்தல்

மூன்று நாள் பயிற்சி, பாளையங்கோட்டையில்.
கழுத்தில் பெயர் அட்டை, மடியில் நீலக் கோப்பு,
பதினொரு மணிக்குச் சமோசா.
முப்பத்தோரு பொறியாளர்கள்.
மேலப்பாளையம் பக்கத்திலிருந்து
நானும் சேகு மதாரும்.

கிளாடிஸ் ஜெபசெல்வி மேடம்
எடுத்ததும் கேட்டார்:
உங்க தெருவில் விழுகிற மழை எங்கே போகுது?
சாக்கடைக்கு.
அப்புறம்?
ஆத்துக்கு.
எந்த வழியா?
மின்விசிறி மட்டும் சுற்றியது.

திரையில் ஒரு படம். புல் வளர்ந்த,
அகலமான, ஆழமில்லாத பள்ளம்.
பெயர் பயோஸ்வேல்.
'ஓடைதானே' என்றான் சேகு மதார் என் காதில்.
அடுத்தது டிடென்ஷன் பேசின்.
'கொளம்.'
சும்மா இரு, என்றேன்,
இந்தப் பேர்ல கேட்டாத்தான்
இப்பம் நிதி ஒதுக்குதாங்க.

வழிந்தோடும் கெழு என்று ஒரு கணக்கு:
விழும் நூறு துளியில்
எத்தனை துளி நிற்காமல் ஓடும்.
தார்ச் சாலைக்குத் தொண்ணூறு.
வாழைத் தோட்டத்துக்கு முப்பது.
தேரி மணலுக்குப் பத்துகூட வராது.
கோப்பின் ஓரத்தில், யாருக்கும் காட்டாமல்,
என் வீட்டு முற்றத்துக்குப் போட்டேன்.
போன பொங்கலுக்குப் பதித்த பேவர் கல், அடியில் சிமென்ட்.
எண்பத்தைந்து.

இரண்டாம் நாள் வரைபடம்.
சமஉயரக் கோடுகளின் மேல் பென்சிலை ஓட்டி
நீர் பிரியும் மேட்டைத் தேடினோம்.
அது ஒரு கல்யாண மண்டபத்தின்
சமையலறை வழியாகப் போனது.
பழைய கிராம வரைபடத்தில் பட்டங்குளம்
பெரிய நீல அவரை விதை.
மறுகால் என்று எழுதிய இடத்தில்
இன்று பிரியாணிக் கடை.
நல்ல கடைதான், நானே வாங்கியிருக்கிறேன்.
முப்பத்தொன்பதாவது வார்டோடு வடிகால் முடிகிறது.
தண்ணீர் அங்கே நின்று
அடுத்த டெண்டர் திறக்கக் காத்திருக்கிறது.

மூன்றாம் நாள் களம்.
வண்டி நின்ற தெருவைப் பார்த்ததும்
எனக்கு வாய் உலர்ந்தது.
நான் அளந்து, எம்-புக்கில் எழுதி,
கையெழுத்துப் போட்ட வடிகால்.
அறுபது மீட்டர்.
மேல் முனையில் 1.420.
கீழ் முனையில் 1.385.
கீழே எண் கூட வேண்டும். குறைந்திருந்தது.
ஸ்டாஃபை நேராப் பிடி, என்றேன்.
'நேராத்தான் பிடிச்சிருக்கேன் மேடம்'
என்றான் உச்சிமாகாளி, 'தரைதான் சரியில்ல.'
மூன்றரை சென்டிமீட்டர்
தண்ணீர் ஏறிப் போக வேண்டும்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மைமூன் பீவி.
உள்ளே நான்கு செங்கல் மேல் ஃபிரிட்ஜ்.
இரண்டு முறை பெயிண்ட் அடித்தும்
இடுப்பளவில் தெரிகிற பழுப்புக் கோடு.
'இதுக்கா இவ்வளவு பெரிய மெசினு?
ஒரு முட்டைய உருட்டி விட்டுருந்தாச் சொல்லிருக்குமே.
எங்க வாசலுக்குல்லா வரும்.'
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம் சிரித்தேன்.

வேலையை மேற்பார்த்தவர் யார்?
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது,
அதனால் கேட்டார் மேடம்.
சேகு மதாருக்குத் தெரியும்.
அவன் தன் ஷூவில் ஒட்டிய சேற்றைப் பார்த்தான்.
என்னுது, என்றேன்.
பேனா ஒரு நொடி நின்று, பிறகு எழுதியது.

மாலையில் சான்றிதழ்.
என் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
திங்கட்கிழமை திருத்த மதிப்பீடு எழுத வேண்டும்;
'காரணம்' என்ற இடத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள்.

வீட்டில் கடப்பாரை எடுத்து
ஒரு பேவர் கல்லைப் பெயர்த்தேன்,
பிறகு அடியில் இருந்த சிமென்டை.
மண் வெளுத்துக் கிடந்தது. எறும்புகூட இல்லை.
ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி
கைப்பேசியில் நேரம் வைத்தேன்.
வகுப்பில் சொன்னபடி
இதற்குள் பாதி இறங்கியிருக்க வேண்டும்.
இருபது நிமிடம். கால் மரத்தது.
தண்ணீருக்குள் தெருவிளக்கு அசையாமல் நின்றது.

'எம்மா, என்ன பாக்க?' என்றாள் மகள்.
மட்டம், என்றேன்.
அவளும் பக்கத்தில் குந்தினாள்.
கொசு கடித்தது.
ஒரு குமிழி வந்தது.