வீதி இரண்டு, நிபந்தனை பதினான்கு

கல்மலை முடிந்துவிட்டது.
அதாவது, மலை இருந்த இடத்தில்
பச்சைத் தண்ணீர் நிற்கிறது.
டிப்பர்கள் போய் ஒன்பது மாதம்.
மிச்சம் இந்தப் பாதைதான்:
ஆயிரத்து நானூறு மீற்றர், கிறவல்.
கரடியனாற்றுத் தார்வீதியில் தொடங்கி
வரைபடத்தில் எதுவும் இல்லாத இடத்தில் முடிகிறது.

என் வேலை அதை அளப்பது.
பத்துக்கு ஒன்றுக்கு மேல் சாய்வு கூடாது.
வெளிவிளிம்பில் அரைச்சில்லு உயரத்துக்கு அணைமண்.
அறுபது மீற்றருக்கு ஒரு குறுக்கு வடிகால்.
வேலை முடிந்ததும்
கிறவலை வாரி, இறுகிய நிலத்தைக் கிளறி,
எடுத்துவைத்த மேல்மண்ணைப் பரப்பிப் புல் நட்டு
பாதை இருந்ததே தெரியாமல் செய்துவிட வேண்டும்.
நிபந்தனை பதினான்கு. நான்தான் தட்டச்சு செய்தேன்,
ஒரு மின்வெட்டுக்கும் அடுத்த மின்வெட்டுக்கும் இடையில்.

எடுத்துவைத்த மேல்மண் எங்கே என்றேன்.
காவலாளி சாமித்தம்பி சிரித்தார்:
"அது முதல் மாரியோட போயிட்டு மிஸ்.
கீழ்வட்டைக்குள்ள கேட்டுப்பாருங்க."

கீழ்வட்டைக்குள் கேட்டேன்.
நல்லரெத்தினம் மண்வெட்டிக் காம்பைக் குத்திக் காட்டினார்.
ஒரு முழத்துக்குச் செம்மண்,
அதற்கும் கீழே அவருடைய வயல்.
இரண்டு போகம் விதைக்கவில்லை.
பாதையின் வயிறு சரிந்து
வாய்க்காலை விழுங்கிய இரவைத்
திகதியோடு சொன்னார்.
எழுதும்போதே முடிவெடுத்துவிட்டேன்,
பாதை போகத்தான் வேண்டும்.

அப்போது மேலிருந்து
ஒரு மோட்டார் சைக்கிள் இறங்கி வந்தது.
எதுவும் இல்லாத இடத்திலிருந்து.
பின்னால் ஒரு பெண், மடியில் பால்கலன்.
அதற்குப் பின்னால் துவிச்சக்கரவண்டிகளில்
சீருடைப் பிள்ளைகள் ஐந்தாறு பேர்,
பிரேக் பிடிக்காமல், கால்களை விரித்துக்கொண்டு.

மலைக்கு அப்பால் இருபத்தாறு வீடாம்.

தவப்பிரியா பால்கலனை இறக்காமலே பேசினாள்:
"மாரியில பழைய வழி கழுத்தளவு தண்ணி.
போன மார்கழி என்ர புள்ள
இந்த இடத்திலதான் பிறந்தது.
கடைசியாப் போன டிப்பருக்குள்ள."
அவள் காட்டிய இடம்
என் ஏட்டில் எண்ணூற்று அறுபதாம் மீற்றர்:
விளிம்பில் வெடிப்பு, நீளம் ஒன்பது மீற்றர்.
சரியும் அபாயம் கூட.

படிவத்தில் இரண்டே பெட்டிகள்.
அகற்றுக. வைத்திருக்க அனுமதிக்கலாம்.
இரண்டாவதைத் தொட்டால் பக்கத்திலேயே ஒரு கேள்வி:
பராமரிப்பவர் யார்?
பிரதேச சபையின் வீதிப்பட்டியலில் இது இல்லை.
கொம்பனியின் தொலைபேசி இப்போது வேறொருவருடையது,
அவர் ஏறாவூரில் கோழி விற்கிறார், பொறுமையான மனிதர்.
வைப்புப்பணம் ஒரு வேலைக்குக் காணும்:
கிளறலாம்,
அல்லது மூன்று மதகு கட்டலாம்.

இருவரையும் பார்த்தேன், சண்டை வரும் என்று.
நல்லரெத்தினம் சொன்னார்:
"பாதை வேணாம் எண்டு நான் எங்க சொன்ன?
தண்ணி போக வழி வைக்கச் சொல்லுங்க புள்ள.
வழி விடாமப் போட்டதுதான் பிழை."
அவ்வளவையும் அவர்
மண்வெட்டியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.
தவப்பிரியா பால் புளிக்கும் என்று போய்விட்டாள்.

திரும்பவும் மேலே நடந்தேன்.
நடுப்பாதையில் யானை லத்தி, இன்றையது.
பெட்டியில் சேராத இன்னொரு பாவனையாளர்.
எண்ணூற்று அறுபதில் ஒரு கல்லுக்குச் சிவப்புப் பூசினேன்.
பெட்டிகளை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
மூன்று மதகு. வெளிச்சரிவைப் படிப்படியாக வெட்டி
வெட்டிவேர் நடுக. கீழ்வட்டை வாய்க்காலைத் தோண்டிக் கொடுக்க.
அதுவரை பணத்தை விடுவிக்க வேண்டாம்.
மேலதிகாரி கேட்பார், எந்தப் பெட்டி என்று.
மாரிக்கு இன்னும் முப்பத்தொரு நாள்.

இறங்கும்போது அந்த இடம் வந்ததும்
உள்பக்கமாக எடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன்.
சாரதி ஏற்கெனவே திருப்பியிருந்தார்.
கீழே பார்த்தேன்:
சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு மெசின்,
எல்லாச் சில்லுத் தடங்களும்
அந்த ஒன்பது மீற்றரில் மட்டும்
மலைப்பக்கம் வளைந்திருந்தன.
அங்கே யாரும் பலகை வைக்கவில்லை.