வலது மேல் மூலை

புதுவயலில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன்.
சட்டைப் பையில் சீப்பு இருக்க வேண்டிய இடத்தில்
கேமரா இருக்கிறது.
சோப்புக்கட்டி அளவு. பத்து மெகாபிக்சல்.
சிங்கப்பூர் மச்சினன் புதுப் போன் வாங்கியதும்
என் தலையில் கட்டிவிட்டுப் போனது.

கண் வைத்துப் பார்க்க அதில் துவாரம் கிடையாது.
பின்பக்கத் திரைதான்.
உச்சி வெயிலில் நெற்களத்தில் நின்றால்
திரையில் தெரிவது என் மூக்கு,
அதற்குப் பின்னால் கொஞ்சம் வானம்.
குத்துமதிப்பாக எடுக்கப் பழகினேன்:
கேமராவை நெஞ்சோடு ஒட்டி,
முழங்கை இரண்டையும் விலாவுக்கு முட்டுக்கொடுத்து,
மூச்சைப் பாதியில் நிறுத்தி.
பார்க்கிறவர்களுக்கு
நெஞ்சுவலிக்காரன் மாதிரி இருக்குமாம்.

பொத்தானை அழுத்தினால் உடனே எடுக்காது.
யோசிக்கும்.
அதற்குள் முறம் இறங்கிவிடும், சிரிப்பு மூடிவிடும்.
ஆறு மாதம் ஆட்டு வாலாகவே எடுத்தேன்.
பிறகு எண்ண ஆரம்பித்தேன்.
பூமயில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு வருகிறாள்,
பின்னாலேயே கோடு விழுகிறது,
ஏழாவது எட்டில் திரும்புவாள்.
ஆறாவதில் அழுத்துவேன்.

இருட்டினால் படம் முழுக்க மணல்.
காரைக்குடி திங்கள் சந்தையில்
விளக்கு வைத்த பிறகு எடுத்ததில்
உளுந்து விற்கிறவர் முகமும் உளுந்தும்
ஒரே மாதிரி வந்திருந்தன.
அழிக்க மனம் வரவில்லை.

ஒரு ஞாயிறு நாகூர்கனியோடு கானாடுகாத்தான் போனேன்.
அவன் லென்ஸ் முழங்கை நீளம்.
பெரிய வீட்டு வாசலில் சோலைமலை மறித்தார்.
"கேமராவுக்கு ஐந்நூறு. சீட்டு வாங்கிட்டு வாங்க."
என் கையைப் பார்த்தார்.
"இதா? இது கெடக்கட்டும், போங்க."
அப்படிப் போனதுதான், இரண்டாம் கட்டு வரை.
தேக்குத் தூணை எல்லோரும் எடுத்தாயிற்று.
கொடியில் யாரோ காயப்போட்ட பனியனை எடுத்தேன்,
வளவு வெளிச்சம் அதற்குள் புகுந்து
மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது.
கனி வந்து எட்டிப் பார்த்தான்.
"நல்லாருக்கு" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"போன்லயே எடுத்திருக்கலாமே."

தவிடு பறக்கிற இடத்தில் வேலை.
லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம்
கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.
மாசியிலிருந்து எல்லாப் படத்திலும்
வலது மேல் மூலையில்
ஒரு சாம்பல் புள்ளி. எள்ளளவு.
அன்று ராத்திரி சாப்பிடவில்லை.
மறுவாரம் அதற்கு இடம் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினேன்.
புகைபோக்கி வாயில் வைத்தால் கரித்துகள்.
ஆத்தங்குடிக் கல்லில் பூவின் நடுக்கண்.
சுண்ணாம்புச் சுவரில் பல்லி எச்சம்.
மழை மேகத்தில் தானே தொலைந்துபோகும்.
வெறும் வானம்தான் பாடாய்ப் படுத்தும்.

பூமயிலுக்கு ஒரு படம் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.
களம், அவள், தலைத்துண்டு, மேலே வெறும் வானம்.
கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஆடியில், செக்காலை ரோட்டில் ஒருவர்
எழுநூறு ரூபாய்க்குப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார்.
மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம்.
அதையும் காகிதத்தில் மடித்துத் தந்தார்.

மறுநாள் அதே களம், ஆறாவது எட்டு.
மாசு மருவில்லாத படம்.
பூமயில் உள்ளங்கையால் வெயிலை மறைத்துத் திரையைப் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா அந்தப் பருந்தக் காணோமே?
முந்தி குடுத்த படத்துல என் தலைக்கு மேல பறந்துச்சே.
எம்மவன் வர்றவங்களுக்கெல்லாம்
அதத்தான் தொட்டுக் காட்டுவான்."

சங்கு ஊதியது. அவள் போய்விட்டாள்.
சாயங்காலம் மேசையில் வைத்து மறுபடி பார்த்தேன்.
பூமயிலை இடது ஓரமாக ஒதுக்கி
வலது மேல் மூலையில்
கை அகல வானத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்,
பழக்கத்தில்.