வெளியேறாத படகு

மண்டபம் வடக்குத் துறை, டோக்கன் அறை.
இங்கே படகு எண்தான் பயனர் பெயர்.
டோக்கன் எடுத்து வெளியேறியதும்
சுயவிவரம் தானாக அழியவேண்டும்
என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஒன்று அழியவில்லை.
'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்கிறது திரை.
யார் பயன்படுத்துகிறார்கள்?
இரவு ஒன்பது மணி.
அறையில் நான், ஒரு பல்லி,
கச்சானில் அடித்துக்கொள்ளும் கூரைத் தகரம்.

அணைத்துப் போட்டால் தீரும்.
நாளைக்கும் வரும். எனக்குக் காரணம் வேண்டும்.
வைரஸ் காப்பானை நிறுத்தினேன். அது இல்லை.
ஓடும் செயலிகளை ஒவ்வொன்றாய்
வலையில் நண்டு கழற்றுவதுபோல் கழற்றினேன்.

பிரிண்டர்.
அதன் கொடுக்கில் அந்தக் கோப்பு.

மூடியைத் திறந்தால்
உருளையில் பாதி கடிபட்ட காகிதம்:
ஓட்டுநர் ரெமிஜியுஸ், ஆட்கள் நால்வர்,
தேதி.
முத்திரை வரவில்லை.

அப்படியென்றால் டோக்கன் இல்லாமலா போனார்கள்?
பதிவேட்டைப் புரட்டினேன்.
ஓரத்தில் சல்மத் பீவி மேடத்தின் சாய்ந்த எழுத்து:
பேப்பர் சிக்கியது, கையால் கொடுத்தேன், காலை 7.10.

பிரிண்டர் சேவையை நிறுத்தினேன்.
கோப்புறை போய்விட்டது,
ஒரு நொடிகூட ஆகவில்லை.

காகிதத்தை மட்டும் இழுப்பறையில் வைத்தேன்.
காலையில்
வருகைப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக்
கிழிக்கலாம்.